தூக்குவதற்கு முன் அளந்து பார்

சாய்ந்து நிற்கும் ஒரு வண்டியை இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கினால் என்ன ஆகும்? நேராகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆகாது நண்பர்களே! முன்பு தாழ்வாகச் சாய்ந்திருந்தது, இப்போது உயரமாகச் சாய்ந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தச் சின்ன உண்மையைப் பற்றித்தான் நம் மாணவர் பேரவை ஆண்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன். கவிதை எழுத எனக்கு வராது. கையில் டேப்பும் சாக்பீஸும் இருந்தால் ஏதோ கொஞ்சம் வரும்.

என் ஊர் திருவாலங்காடு. திருத்தணி தாலுகா. நம் கல்லூரியில் பலருக்கு இந்த ஊரை அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் பெயராக மட்டும் தெரியும். கோயில் பெரிய கோயில். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அரவை சீசனில் கரும்பு ஏற்றிய லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வரிசையை வேடிக்கை பார்ப்பதுதான் எங்களுக்கு சினிமா. எந்த வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நானும் என் அக்காவும் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் இடது பக்கம்தான் ஜெயிக்கும். ஏன் என்று அப்போது தெரியாது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நைனா கொத்தனார். அம்மா கழனி வேலை. அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டு ஒரு தையல் கம்பெனிக்கு வேன் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாள். என் பீஸ், பஸ் பாஸ், டிராயிங் போர்டு எல்லாவற்றிலும் அவள் சம்பளம் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

என் தாய்மாமா ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். சூளையிலிருந்து செங்கல், இல்லாவிட்டால் எம் சாண்ட், எது கிடைக்கிறதோ அந்த லோடு. சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு வண்டி ஏரிக்கரைப் பாதையில் அடி தட்ட ஆரம்பித்தது. சைலன்ஸர் ஒருமுறை பிய்த்துக்கொண்டே வந்துவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் வண்டி இடது பக்கமாக ஒருச்சாய்ந்து நின்றது. மாமா ஒரு முடிவுக்கு வந்தார். பின்பக்கம் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு எக்ஸ்ட்ரா பட்டை, அதற்கும் கீழே ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு இஞ்ச் இரும்புக் கட்டை.

"வண்டியைத் தூக்கிடலாம் மாப்ள. தட்டவும் தட்டாது, இன்னும் இருநூறு கல்லும் ஏத்தலாம்" என்றார்.

செலவு பதினைந்தாயிரம் என்று கணக்கு. மாமாவிடம் பணம் இல்லை. அக்காவுக்கு அந்த மாதம் சீட்டு விழுந்திருந்தது, சரியாகப் பதினைந்தாயிரம்! மாமா கேட்டார். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். அந்தப் பணத்துக்கு அவள் ஒரு வேலை வைத்திருந்தாள் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும், அதற்கு மூன்று மாதம் கம்பெனிக்குப் போகாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும், அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடாக இந்தச் சீட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்கு அந்த வண்டிதான் சோறு. அவர் எங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார். எப்படி இல்லை என்று சொல்வது?

நான் மாமாவிடம் ஒன்றுதான் கேட்டேன். "தூக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியை எனக்குக் குடு மாமா. எந்த மூலை எவ்வளோ தாழ்ந்திருக்குன்னு அளந்து சொல்றேன்."

"இதுல அளக்கறதுக்கு இன்னா இருக்குது? கண்ணுக்கே தெரியுதே, சாஞ்சினு இருக்குது!"

சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஏன் சாய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் சாயும். ஒரு டயர் தேய்ந்திருந்தாலும் சாயும். தரை சரிவாக இருந்தாலும் சாயும். ஸ்பிரிங் தளர்ந்தாலும், ஒடிந்தாலும், புஷ் தேய்ந்தாலும், சேஸிஸே முறுக்கிக்கொண்டாலும் சாயும். மட்கார்டு நசுங்கியிருந்தால் வண்டி சாயாமலே சாய்ந்த மாதிரி தெரியும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், வைத்தியம் மட்டும் வேறு வேறு.

ஊரில் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் ஒன்று உண்டு. வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினோம். முதலில் காற்று. முன் டயர் இரண்டும் ஒரே பவுண்டு, பின் டயர் இரண்டும் ஒரே பவுண்டு. தொட்டியில் இருந்த மண், தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் இறக்கினோம். யாரும் உள்ளே உட்காரவில்லை.

தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கூட்டாளி ஒருவன், "செல்போன்லயே மட்டம் பாக்கற ஆப் இருக்குடா" என்று எடுத்தான். அது ஒரு கையகல இடத்துக்குச் சரி. ஒரு சக்கரத்துக்கும் எதிர் மூலைச் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு அது உதவாது. அப்போதுதான் நைனா வீட்டுக்குப் போய்த் தன் டியூப் மட்டத்தை எடுத்துவந்தார். தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி டியூப்தான் அது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். எவ்வளவு நீளமானாலும் பொய் சொல்லாது. நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் பார்த்தார். பார்ப்பதற்குப் பலகை மாதிரி இருந்த களம், இடது பின் சக்கரம் நிற்கும் இடத்தில் 11 மில்லிமீட்டர் பள்ளம்! அந்த இடத்தில் டைல்ஸ் துண்டும் மெல்லிய பலகையும் வைத்து நான்கு இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

நான் டேப்பைத் தரையில் வைத்து அளக்கப் போனேன். நைனா தடுத்தார்.

"தரையை ஏன்டா நம்பற? நூலை நம்பு."

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நம் டிராயிங் வகுப்பில் 'டேட்டம் லைன்' என்று சொல்லித் தருகிறார்களே, அதைத்தான் முப்பது வருடமாக நூல் கட்டிச் செய்துகொண்டிருக்கிறார். முன் ஆக்ஸிலுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று, வண்டிக்கு அடியில் குறுக்காக இரண்டு நூல் கட்டினார். டயர் நிற்கும் மட்டத்திலிருந்து சரியாக 200 மில்லிமீட்டர் உயரத்தில். நூலிலிருந்து அளந்து 200 கூட்டிக்கொண்டால் போதும். டேப் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. நான் எழுதுவதற்கு ஒரு நோட்டு.

வழியில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு தாத்தா கேட்டார், "இன்னாடா, வண்டிக்கு ஜாதகம் எழுதறியா?" ஏறக்குறைய அதுதான்!

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை இன்னொரு பட்டையின் மேல் உரசிக்கொண்டுதான் நகரும். அதனால் வண்டியை அமுக்கிவிட்டால் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். தூக்கிவிட்டால் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். ஆகவே முதலில் வண்டியை நான்கு அடி முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பிறகு அமுக்கிவிட்டு ஒரு அளவு, தூக்கிவிட்டு ஒரு அளவு எடுத்து நடுவில் உள்ளதை எழுத வேண்டும். இடது பின்பக்கம் ஸ்பிரிங் இடைவெளி அமுக்கிவிட்டால் 183, தூக்கிவிட்டால் 187 வந்தது. 185 என்று எழுதினேன்.

மூலைக்கு இரண்டு அளவு. தரை மட்டத்திலிருந்து ஹப் நடு வரை ஒன்று, தரை மட்டத்திலிருந்து ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸின் அடிவிளிம்பு வரை இன்னொன்று. முதல் அளவு டயரின் கதை. இரண்டாவதிலிருந்து முதலைக் கழித்தால் வருவது ஸ்பிரிங்கின் கதை. மட்கார்டை நான் தொடவே இல்லை, அது எப்போதோ நசுங்கிப்போனது.

பின்பக்கக் கணக்கு இப்படி வந்தது. இடது பக்கம் சேஸிஸ் 522, ஹப் 337, ஸ்பிரிங் 185. வலது பக்கம் சேஸிஸ் 556, ஹப் 345, ஸ்பிரிங் 211. ஆக மொத்தம் 34 மில்லிமீட்டர் சாய்வு. அதில் 8 டயருடையது. இடது டயர் தேய்ந்துபோனது. மீதி 26 ஸ்பிரிங்கினுடையது.

முன்பக்கமும் இடதுதான் 11 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மாமா உடனே, "பாத்தியா, முன்னாடியும் போச்சு. நாலு பக்கமும் போட்டுடலாம்" என்றார். அவசரப்படக் கூடாது! சேஸிஸ் என்பது ஒரு கட்டில் சட்டம் மாதிரி. ஒரு கால் தாழ்ந்தால் மற்ற கால்களும் சேர்ந்து ஆடும். பின்பக்கம் இடது மூலை தாழ்ந்தால் முன்பக்க இடது ஸ்பிரிங் நன்றாக இருந்தாலும் பாரம் அதன்மேல் வந்து அமுக்கும். முன் ஸ்பிரிங் குற்றவாளியா, வெறும் சாட்சியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, பின்பக்கம் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் சரியாக நடுவில் ஜாக்கி வைத்துப் பின் சக்கரங்களின் பாரம் கழியும் வரை தூக்கினோம். பாதுகாப்புக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு. அடியில் யாரும் போகவில்லை. இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது. சாய்வைத் தீர்மானிப்பது முன் ஸ்பிரிங் மட்டும்தான். முன்பக்கம் அளந்தோம். 11 இருந்த வித்தியாசம் 2 ஆகிவிட்டது! முன் ஸ்பிரிங்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்கு பக்கம் மாற்ற வேண்டிய செலவு அந்த ஒரு ஜாக்கியில் மிச்சமானது.

ஆகவே குற்றவாளி இடது பின் ஸ்பிரிங். ஆனால் அது தளர்ந்துவிட்டதா, ஒடிந்துவிட்டதா? இதைச் சொல்ல 1678-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தன் ஸ்பிரிங் விதியை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். எவ்வளவு பாரமோ அவ்வளவு இறக்கம். பாரம் இரண்டு மடங்கானால் இறக்கமும் இரண்டு மடங்கு. நாமெல்லாம் லேபில் கம்பியைத் தொங்கவிட்டுச் செய்து, ரெகார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான். வளைவு தளர்ந்துபோன ஸ்பிரிங் தாழ்வாக நிற்கும், ஆனால் புதிதாக வைக்கும் பாரத்துக்குப் பழைய அளவுதான் இறங்கும். பட்டை ஒடிந்த ஸ்பிரிங் அப்படி இல்லை. அதே பாரத்துக்கு அதிகமாக இறங்கும்.

நைனா வேலை செய்யும் இடத்திலிருந்து நான்கு மூட்டை சிமெண்ட் இரவல் வாங்கி வந்தோம். மூட்டை 50 கிலோ, மொத்தம் 200. பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, தொட்டியின் சரி நடுவில் வைத்தோம். பக்கத்துக்கு 100 கிலோ. வலது ஸ்பிரிங் 211-லிருந்து 193-க்கு இறங்கியது. 18 மில்லிமீட்டர். இடது ஸ்பிரிங் 185-லிருந்து 163-க்கு இறங்கியது. 22 மில்லிமீட்டர். அதாவது வலதில் ஒரு மில்லிமீட்டர் இறக்க ஐந்தரை கிலோ வேண்டும். இடதில் நாலரை கிலோவே போதும். இடது பக்கம் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காணோம்! அந்தக் கட்டில் பட்டைகள் எத்தனை என்று எண்ணினேன். ஆறு.

நோட்டை எடுத்துக்கொண்டு மாமாவோடு திருத்தணியில் அவர் வழக்கமாகப் போகும் பட்டை மேஸ்திரியிடம் போனேன். அவர் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். எங்கள் பக்கம் அது சகஜம். திருத்தணியே 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் சேர்ந்தது. பட்டறைப் பாஷைக்கு எந்த எல்லையும் கிடையாது. பட்டைக் கட்டை அவர் 'கமான்' என்பார். கமான் என்றால் பாரசீகத்தில் வில். வில் மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். 1804-ல் லண்டனில் ஒபதையா எலியட் என்கிற வண்டி கட்டுபவர் இந்தப் பட்டை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அது குதிரை வண்டிக்காக. இருநூறு வருடம் கடந்தும் செங்கல் லோடுக்கு இன்றைக்கும் அதே வில்தான்.

மேஸ்திரியிடம், "அண்ணா, இடது பின் கட்டுல ஒரு பட்டை ஒடிஞ்சிருக்கணும்" என்றேன். அவர் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாப் பட்டையும் முழுசாகத்தான் தெரிந்தது. "எல்லாம் நல்லாத்தானே இருக்குது தம்பி?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூன்று வருடப் பாலிடெக்னிக் படிப்பும் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. "கட்டைப் பிரிச்சிப் பாருங்கண்ணா. ஒண்ணும் இல்லன்னா பிரிச்ச கூலி என்னோடது" என்றேன். கையில் இருந்தது இருநூறு ரூபாய்.

யு போல்ட்டைக் கழற்றி, கிளிப்பை நிமிர்த்தி, சென்டர் போல்ட்டை எடுத்துப் பட்டைகளைப் பிரித்தார். சேறும் துருவும் உதிர்ந்தன. மூன்றாவது பட்டை கையில் வந்தபோது இரண்டு துண்டாக வந்தது! சரியாகச் சென்டர் போல்ட் ஓட்டையில் ஒடிந்திருந்தது. யு போல்ட் இறுக்கிப் பிடித்திருந்ததால் வெளியே தெரியவில்லை. ஒடிந்த முகம் பழுப்பேறி இருந்தது, அதாவது ஒடிந்து பல மாதம் ஆகியிருக்கிறது. மேஸ்திரி துண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "பாகுந்திரா!" என்று ஒரே வார்த்தை. எனக்கு யுனிவர்சிட்டி ரேங்க் வந்த மாதிரி இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அளக்காமல் தூக்கியிருந்தால்? ஒடிந்த பட்டை உள்ளேயே இருந்திருக்கும். அதன்மேல் எக்ஸ்ட்ரா பட்டை, அடியில் இரும்புக் கட்டை, மேலே இன்னும் இருநூறு கல். சாய்வு போயிருக்காது. ஆனால் வண்டியின் பாரம் உயரத்துக்குப் போயிருக்கும். சாய்ந்த வண்டி உயரமானால் ஏரிக்கரை வளைவில் கவிழ்வது சுலபம்.

இன்னொன்றும் உண்டு. அந்த வண்டியில் பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு இருக்கிறது. பாரம் ஏற ஏற சேஸிஸ் ஆக்ஸிலை நெருங்கும். அந்த நெருக்கத்தை ஒரு கம்பி மூலம் உணர்ந்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது கூட்டும். இரண்டு இஞ்ச் கட்டை வைத்துத் தூக்கிவிட்டால் இடைவெளி அதிகமாகிவிடும். கம்பியை மறுபடி செட் செய்யாவிட்டால், முழு லோடு ஏற்றியிருந்தாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு நினைக்கும். பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். பட்டை கூட்டினால் வண்டி அதிகப் பாரம் தாங்குகிற மாதிரி தெரியும். பிரேக்கோ, ஆக்ஸிலோ, டயரோ அதனால் பெரிதாகிவிடுவதில்லை.

சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்திருக்கிறது. மாமாவுக்கு நான் முதலில் சொன்னது பிரேக்கைத்தான். அபராதத்தை அப்புறம் சொன்னேன். அவருக்கு உறைத்தது இரண்டாவதுதான்!

ஏன் இடது பக்கம்? சின்ன வயதுப் பந்தயத்துக்கு இப்போது விடை தெரியும். நம் ஊரில் வண்டி இடது ஓரம் போகிறது. தார் ரோட்டின் விளிம்பு உடைந்த பள்ளத்தில் விழுந்து எழுவது இடது சக்கரம். எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்குவதும் இடது சக்கரம். மாமாவின் வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சூளையில் ஆட்கள் எப்போதும் இடது பக்கத்திலிருந்துதான் கல் அடுக்குவார்கள். அந்தப் பக்கம் நிறைந்துவிடும், வலது பக்கம் மேலே கொஞ்சம் காலியாகவே கிளம்பும். ஓட்டுநர் வலதில் உட்கார்ந்தும் அந்தக் குறை சரியாகவில்லை. எந்தப் பக்கம் தினமும் கூடுதலாகத் தாங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் தாழும். அது பலவீனத்தால் தாழவில்லை, நெடுநாள் தாங்கியதால் தாழ்ந்தது.

மேஸ்திரி ஒடிந்த பட்டைக்குப் புதுப் பட்டை போட்டார். இரண்டு பின் கட்டையும் இறக்கி வளைவு தட்டி, சென்டர் போல்ட்டும் புஷ்ஷும் புதிதாகப் போட்டார். டயரை மாற்றி, பின்பக்கம் ஒரே தேய்மானம் உள்ள ஜோடியைப் போட்டோம். எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். மறுபடி களத்தில் நூல் கட்டி அளந்தோம். பின்பக்க வித்தியாசம் 4 மில்லிமீட்டர். இடது பக்கம் மேலே வந்துவிட்டதால் இப்போது சைலன்ஸர் தட்டுவதில்லை. தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை! மாமா சூளையில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடுக்கச் சொல்லியிருக்கிறார். நடைக்கு நூறு கல் குறைத்தும் இருக்கிறார். முனகிக்கொண்டுதான். நூறு கல் என்றால் ஏறக்குறைய 300 கிலோ. அது எனக்குப் பெரிய விஷயம்.

எங்கள் ரத்தின சபையில் நடராஜர் ஆடுவது ஊர்த்துவ தாண்டவம். ஒரு கால் தலைக்கு மேலே உயர்ந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து அந்தத் தூக்கிய காலைப் பார்த்து அதிசயிப்பார்கள். நானும் அப்படித்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த வண்டி வேலைக்குப் பிறகு ஊன்றிய காலைப் பார்க்கிறேன். மொத்தப் பாரமும் அதில்தானே இருக்கிறது!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் தூக்கிய கால். நம் போட்டோதான் வீட்டுச் சுவரில் மாட்டப்படும். ஊன்றிய கால் யார் என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அது தையல் கம்பெனி வேனில் ஏறிப் போகிறது. எல்லோரையும் சமமாகத் தூக்கிவிடுகிறோம் என்று சொல்வது நல்ல பேச்சுதான். ஆனால் எந்த மூலையில் எத்தனை வருடம் பாரம் இருந்தது என்று அளக்காமல் தூக்கினால் சாய்வு அப்படியேதான் இருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தைகள். உங்கள் ஊரிலும் யாராவது வண்டியைத் தூக்கப் போகிறேன் என்று வருவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

1. காற்றைச் சரிசெய், வண்டியைக் காலி செய்.
2. தரையை நம்பாதே. டியூப் மட்டமும் நூலும் போதும்.
3. உருட்டி, அமுக்கி, தூக்கி, பல தடவை அள. எழுதி வை.
4. டயரின் உயரத்தையும் ஸ்பிரிங்கின் உயரத்தையும் தனித்தனியாகப் பார். மட்கார்டு விளிம்பை நம்பாதே.
5. பின்பக்கத்தை நடுவில் தாங்கி முன்பக்கத்தைப் பார். எது குற்றவாளி, எது சாட்சி என்று தெரியும்.
6. தெரிந்த பாரம் ஏற்றி இரண்டு பக்கமும் எவ்வளவு இறங்குகிறது என்று பார். தளர்ந்ததும் ஒடிந்ததும் அங்கே பிரியும்.
7. காரணத்தைச் சரிசெய்த பிறகு மறுபடி அள. அதற்கு அப்புறமும் தூக்க வேண்டுமா என்று அப்போது யோசி.

இதற்கெல்லாம் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். எனக்கு உதவியது ஒரு கொத்தனாரின் டியூபும், நூலும், நான்கு மூட்டை இரவல் சிமெண்டும்தான்.

அக்காவின் பணத்தில் மாமா 3,900 மட்டும் வாங்கிக்கொண்டார். அதையும் மாதம் ஆயிரமாகத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார். அக்கா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கும் அறிவியலும் நான் சொல்லித் தருகிறேன். நேற்று விசை பாடம் நடந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள், "இது உங்க சிமெண்ட் மூட்டைக் கணக்குதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு